தி விட்லம்ஸ்: சொந்தக் காசில் நின்ற சிட்னி குழு. வார்னர் வந்த பிறகும் ‘சுயாதீனம்’ என்று சொல்லலாமா?

#1 கருங்குயில்

ஆஸ்திரேலிய இசை பற்றி இங்கே பேச்சு வந்தால் ஏசி/டிசி, இன்எக்ஸ்எஸ், மிட்நைட் ஆயில் என்று மூன்று பெயரோடு முடிந்துவிடுகிறது. மூன்றுமே பெரிய கம்பெனிகளின் பலத்தில் உலகம் சுற்றியவை. ஊரை விட்டு அதிகம் வெளியே போகாமல், கையிலிருந்த பணத்தைப் போட்டு ரெக்கார்ட் வெளியிட்டு, 30 வருடத்தைத் தாண்டியும் நிற்கும் ஒரு குழுவைப் பற்றிப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தி விட்லம்ஸ். 1992ல் சிட்னியில் தொடங்கியது. பியானோவும் பாட்டும் டிம் ஃப்ரீட்மன், கிட்டார் ஸ்டீவி பிளண்டர், பாஸ் ஆண்டி லூயிஸ். பிளண்டர் கான்பெராவிலிருந்து வந்தவர், அதற்கு முன்பே பிளண்டரர்ஸ் என்ற குழுவில் பெயர் எடுத்தவர். நியூடவுன் கிங் ஸ்ட்ரீட்டில் இருந்த சாண்ட்ரிங்ஹம் ஹோட்டல் என்ற பப்தான் இவர்களுக்குத் தாய்வீடு. ஊர்க்காரர்கள் அதை ‘சாண்டோ’ என்பார்கள். அங்கே வாராவாரம் வாசித்து வாசித்துத்தான் ஆள் சேர்த்தார்கள்.

குழுவின் பெயர் காஃப் விட்லமிடமிருந்து வந்தது. 1972 முதல் 1975 வரை பிரதமராக இருந்தவர். 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர் அவரைப் பதவிநீக்கம் செய்தார். அந்த நாட்டில் அந்தப் பெயரை உச்சரித்தாலே இன்றைக்கும் ஒரு தலைமுறை நிமிர்ந்து உட்காரும். முதல் ஆல்பத்திலேயே அவர் பெயரில் ஒரு பாட்டு உண்டு.

1993ல் முதல் ஆல்பம், 1995ல் இரண்டாவது. அதற்குள் லூயிஸ் விலகிவிட்டார். 1996 ஜனவரியில் பிளண்டர் இறந்துபோனார். புளூ மவுண்டன்ஸில் வென்ட்வொர்த் அருவியின் அடிவாரத்தில் அவர் உடல் கிடைத்தது. தொடங்கிய மூவரில் மிஞ்சியவர் ஃப்ரீட்மன் மட்டும்.

வேறு யாராக இருந்தாலும் பெயரை மாற்றிக்கொண்டு தனியாகப் பாடப் போயிருப்பார்கள். இவர் அதே பெயரில், நிரந்தரக் குழு என்று ஒன்று இல்லாத நிலையில், வெவ்வேறு கலைஞர்களைக் கூப்பிட்டு வைத்து, தன் சொந்த ரெக்கார்ட் நிறுவனமான பிளாக் யாக் லேபிளிலேயே ‘எடர்னல் நைட்கேப்’ ஆல்பத்தைப் போட்டார். அது 1997. அதில் முதல் பாட்டு ‘நோ ஆஃப்ரோடிசியாக்’. டிரிபிள் ஜே வானொலி வருடா வருடம் நேயர் ஓட்டில் தேர்வு செய்யும் ‘ஹாட்டஸ்ட் 100’ பட்டியலில் அந்த வருடத்துக்கு முதலிடம். ஆஸ்திரேலிய இசைத்துறை வருடா வருடம் தரும் ஏரியா விருதுகளில், 1998ல், ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த குழு, சிறந்த சுயாதீன வெளியீடு என்று மூன்று. விருதைக் கையில் கொடுக்க மேடையேறியவர் காஃப் விட்லமேதான்.

என் கருத்தை முன்னாலேயே வைத்துவிடுகிறேன். இந்தக் குழு பிழைத்ததற்குக் காரணம் பாட்டு மட்டும் இல்லை. பெயர், லேபிள், எப்போது வேலை செய்வது என்ற முடிவு, மூன்றும் ஒருவர் கையில் இருந்ததுதான் காரணம். சுயாதீனம் என்று நான் சொல்வது அதைத்தான்.

#2 மெல்பன் மாறன்

நல்ல இழை. ஆனால் கருங்குயில் சார், ஒரு இடத்தில் வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். 1998க்குப் பிறகு இவர்கள் வார்னரோடு சேர்ந்துவிட்டார்களே? 1999ல் வந்த ‘லவ் திஸ் சிட்டி’ சிடியைத் திருப்பிப் பாருங்கள், பிளாக் யாக் பெயருக்குப் பக்கத்திலேயே வார்னர் பெயர் இருக்கும். ‘சிறந்த சுயாதீன வெளியீடு’ விருது வாங்கிய கையோடு உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றோடு கைகுலுக்கிய குழுவை முப்பது வருட சுயாதீனக் குழு என்று எழுதுவது சரியாகப் படவில்லை. ‘எடர்னல் நைட்கேப்’ வரை சுயாதீனம், அதற்குப் பிறகு கம்பெனிக் குழு. கோடு அங்கேதான்.

#3 நாலாவது தந்தி

நான் இந்தக் குழுவைக் கேட்டதே இல்லை. பாப்-ராக் என்கிறீர்கள், கிட்டார் எவ்வளவு, பியானோ எவ்வளவு? ஒரு பாட்டு சொல்லுங்கள், இன்று ராத்திரி கேட்கிறேன்.

#4 கருங்குயில்

தந்தி தம்பி, ‘நோ ஆஃப்ரோடிசியாக்’கிலிருந்தே தொடங்குங்கள். ஹெட்போனில் கேளுங்கள், கடைசி ஒரு நிமிடம் முக்கியம்.

மாறன் சார், உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இழையின் தலைப்பே அதுதான்.

கம்பெனியோடு போடும் ஒப்பந்தம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நிலத்தைக் கிரயம் செய்து கொடுப்பது வேறு, குத்தகைக்கு விடுவது வேறு. புதிதாக வரும் குழு சாதாரணமாகப் போடுவது கிரயம். கம்பெனி முன்பணம் தரும், ஸ்டூடியோ செலவைப் பார்த்துக்கொள்ளும், பதிலுக்கு அந்த ஒலிப்பதிவின் உரிமை கம்பெனிக்குப் போய்விடும். செலவு எல்லாம் குழுவின் ராயல்டியிலிருந்து கழிக்கப்படும். கழிந்து முடிகிற வரை குழுவுக்குக் காசு வராது. பல குழுக்களுக்குக் கழிந்து முடிவதே இல்லை. அப்புறம் கம்பெனி “அடுத்த ஆல்பம் இப்போது வேண்டாம்” என்று சொன்னால் போச்சு, வேறு இடத்துக்கும் போக முடியாது.

இன்னொரு வழி, ஆல்பத்தைத் தானே செய்து முடித்துவிட்டு, தன் லேபிள் பெயரிலேயே வைத்துக்கொண்டு, கடைக்குக் கொண்டுபோகும் வேலையையும் விளம்பரத்தையும் மட்டும் பெரிய கம்பெனியிடம் விடுவது. ஆஸ்திரேலியாவில் அன்று ஒரு ஆல்பம் ‘பிளாட்டினம்’ தகுதி பெற வேண்டுமானால் 70,000 பிரதி. மக்கள்தொகை இரண்டு கோடிக்கும் குறைவு. அந்த அளவுக்கு விற்கத் தொடங்கிய ஆல்பத்தை பெர்த்திலிருந்து டவுன்ஸ்வில் வரை ஒவ்வொரு கடையிலும் தீராமல் வைத்திருக்க வேண்டுமானால் கிடங்கும் ஆளும் வேண்டும். ஒரு பியானோக்காரர் வீட்டிலிருந்து செய்கிற வேலை இல்லை அது.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பெரிய வெற்றியோடு ஒப்பந்த மேசைக்குப் போனாரா, கையை விரித்துக்கொண்டு போனாரா? ‘நோ ஆஃப்ரோடிசியாக்’ முதலிடம் வந்த பிறகு, ஆல்பம் விற்றுக்கொண்டிருக்கும்போதே போனார். வார்னர் வந்த பிறகும் பிளாக் யாக் என்ற பெயர் அட்டையில் இருந்தது.

#5 சிட்னி செல்வி

ஒப்பந்தப் பேச்சு நடக்கட்டும். நான் சாண்டோ பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த இடத்துக்கு என்ன ஆனது என்று தெரியாமல் இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள முடியாது.

நான் சிட்னிக்கு வந்தபோது சாண்டோவின் பழைய காலம் முடிந்துவிட்டது. கட்டடம் இருந்தது. பல கை மாறி, 2014ல் ‘நியூடவுன் சோஷியல் கிளப்’ என்று திறந்தார்கள், அதிலும் கச்சேரி நடந்தது. 2017ல் அதையும் மூடி, மினி கோல்ஃப் விளையாடும் பார் ஆக்கிவிட்டார்கள். இன்றைக்குக் கிங் ஸ்ட்ரீட்டில் நடந்து போனால் வாசலில் அலுவலக விருந்துக்கு வந்த கூட்டம்தான் நிற்கும்.

நியூ சவுத் வேல்ஸ் பப்புகளில் என்ன நடந்தது என்றால், போக்கீஸ் வந்தது. காசு போட்டு விளையாடும் சூதாட்ட மெஷின். உறுப்பினர் கிளப்புகளில் 1956லேயே சட்டப்படி வந்துவிட்டது. பப்புகளுக்கு அந்த மெஷின்கள் 1997 ஏப்ரலில்தான் அனுமதிக்கப்பட்டன. ‘எடர்னல் நைட்கேப்’ வந்த அதே வருடம் என்பதைக் கவனியுங்கள். பப் முதலாளி கணக்குப் போட்டுப் பார்ப்பார். மேடை இருக்கிற மூலையில் வாரத்துக்கு நாலு ராத்திரி கச்சேரி, சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார், சவுண்ட் ஆளுக்குச் சம்பளம். அதே மூலையில் பத்து மெஷினை வைத்தால் காலை முதல் நள்ளிரவு தாண்டியும் வருமானம், புகார் கிடையாது. இன்று அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 90,000 மெஷின்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவரைத் தேடிக்கொண்டு ஒரு முறை அப்படி ஓர் அறைக்குள் போயிருக்கிறேன். ஜன்னல் இல்லை. சுவரில் கடிகாரம் இல்லை. தரைவிரிப்பு கண்ணைக் கூசும் வண்ணத்தில். ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் ஒரு உயரமான ஸ்டூல், பானம் வைக்க ஒரு சின்னப் பலகை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மெஷின்கள் மட்டும் மாறி மாறி மணியடித்துக்கொண்டிருந்தன, யாரோ ஜெயித்த மாதிரி. அவர் சம்பளம் வந்த அன்று அது. என்னைப் பார்த்ததும் “ஐந்து நிமிடம்” என்றார். நான் வெளியே ரொம்ப நேரம் நின்றேன்.

அதனால்தான் ‘புளோ அப் த போக்கீஸ்’ பாட்டை என்னால் சும்மா கேட்க முடிவதில்லை. முன்பு மேடை இருந்த இடம், இரண்டு சிவப்பு விளக்கு, சரியாக வேலை செய்யாத ஒலிபெருக்கி, அங்கே ஒரு காலத்தில் வாசித்த நண்பன் இன்று அதே இடத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். நீ எழுந்து வெளியே வருகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தெரியவில்லையே என்று பாடுகிறவன் தவிக்கிறான். உன் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுக்கிற காசில்தான் அரசாங்கம் ரயிலை நேரத்துக்கு ஓட்டுவதாகப் பெருமை பேசுகிறது என்று அடுத்த வரி. சூதாட்ட வரி மாநில வருமானத்தில் எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அந்த நண்பன் ஆண்டி லூயிஸ். பாட்டு 1999 நவம்பரில் ஆல்பத்தில் வந்துவிட்டது. அவர் உயிரை மாய்த்துக்கொண்டது 2000 பிப்ரவரியில். அஞ்சலிப் பாட்டு என்று பலர் எழுதுகிறார்கள். அவர் உயிரோடு இருக்கும்போது அவரை நோக்கிப் பாடிய பாட்டு அது.

#6 நாலாவது தந்தி

செல்வி அக்கா, இதைப் படித்துவிட்டு அந்தப் பாட்டைப் போட்டேன். மெட்டு இவ்வளவு இதமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கோபமாகக் கத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

#7 பாஸ் பாலு

தந்தி சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் வாசிக்கிறவன் காதுக்கு அதுதான் இந்தக் குழுவின் விசேஷம்.

இவர்களுக்கு அடி பியானோ. 90களின் நடுவில் ஆஸ்திரேலிய பப் மேடை என்றால் டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரக்கும் கிட்டார்தான். நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவுக்குப் பிறகு ஊரே அப்படி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் பியானோ முன்னால் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரரிடம் பேசுகிற தொனியில் பாடுகிறார். குரலில் பெரிய வித்தை இல்லை. வார்த்தை ஒன்றுகூடக் காதிலிருந்து தப்பாது, அதுதான் வித்தை. மெட்டு இதமாக இருப்பதால் கேட்கிறவர் காவலைத் தளர்த்திவிடுகிறார், வார்த்தை உள்ளே போய்விடுகிறது. சத்தமான பப்பில் குடித்துக்கொண்டு பேசுகிற கூட்டத்தை அடக்க இரண்டு வழி உண்டு: அவர்களைவிடச் சத்தமாக வாசிப்பது, அல்லது அவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க விரும்பும்படி கதை சொல்வது. சாண்டோவில் பழகியது இரண்டாவது.

‘நோ ஆஃப்ரோடிசியாக்’கில் இது உச்சம். தூரத்தில் இருக்கும் காதலிக்குக் கேசட்டில் பேசி அனுப்பும் கடிதத்தில் தொடங்குகிறது. தனிமையைப் போல ஆசையைக் கிளப்பும் மருந்து வேறில்லை என்பதுதான் பல்லவியின் சாரம். கடைசியில் பாட்டு கலைந்து, துணை தேடும் வரி விளம்பரங்கள் ஒவ்வொன்றாக வரும். ஒருவனின் ஏக்கமாகத் தொடங்கியது ஊர் முழுக்க இருக்கும் தனிமையாக விரிந்துவிடும். கடைசி ஒரு நிமிடம் என்று கருங்குயில் சொன்னது இதைத்தான். இந்தப் பாட்டை ஃப்ரீட்மனோடு சேர்ந்து எழுதிய இருவர் மெஷின் கன் ஃபெலேஷியோ என்ற சிட்னி குழுவைச் சேர்ந்தவர்கள். அந்தக் குழுவைத் தனியாகத் தேடிக் கேளுங்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து மட்டும் வேண்டாம்.

டெரபாய் ரிச்மண்ட் டிரம்ஸ், வாரிக் ஹார்ன்பி பாஸ், ஜாக் ஹௌஸ்டன் கிட்டார். இந்த வரிசை அமைந்த பிறகுதான் குழு என்ற ஒன்று மறுபடி உருவானது. ரிச்மண்ட் வாசிப்பை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். பியானோவின் இடது கைக்கு இடம் விட்டு, பாடகர் மூச்சு எடுக்கிற இடத்தில்தான் நிரப்புவார். ஜாஸ் பக்கம் பழகிய கை என்பது அங்கே தெரியும்.

#8 மெல்பன் மாறன்

பாலு, அருமை.

கருங்குயில் சாரின் குத்தகை விளக்கம் புரிகிறது, ஆனாலும் நான் என் இடத்திலேயே நிற்கிறேன். சுயாதீனம் என்பதை ஒரு தனிமனிதரின் சாமர்த்தியமாக மட்டும் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. ஃப்ரீட்மன் கையில் எல்லாம் இருந்தது, அதனால் பிழைத்தார் என்றால், கையில் எல்லாம் வைத்திருந்த எத்தனையோ குழுக்கள் ஏன் காணாமல் போயின?

டிரிபிள் ஜே இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. அது அரசுப் பணத்தில் நடக்கும் ஏபிசி ஒலிபரப்பு நிறுவனத்தின் இளைஞர் வானொலி. விளம்பரம் கிடையாது. வணிக வானொலிக்காரர்கள் அந்தக் காலத்தில் அறிமுகமில்லாத லேபிளின் சிடியைப் பிரித்தே பார்க்க மாட்டார்கள். டிரிபிள் ஜே பார்த்தது. 90களில் அந்த அலைவரிசை தலைநகரங்களைத் தாண்டி உள்நாட்டு ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதனால் ஒரு சிட்னி பப் குழுவின் பாட்டு டப்போவிலும் கால்கூர்லியிலும் கேட்டது. அப்புறம்தான் அந்த ஊர்களுக்குக் கச்சேரிக்குப் போனால் டிக்கெட் வாங்க ஆள் இருந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. டிரிபிள் ஜேவின் ஆரம்பம் சிட்னியில் டபுள் ஜே என்ற பெயரில், 1975 ஜனவரி 19. அப்போது பிரதமர் யார்? காஃப் விட்லம். அதே அரசாங்கம்தான் 1974ல் பல்கலைக்கழகக் கட்டணத்தை எடுத்தது. அவர் ஆட்சியில் பிறந்த வானொலி, அவர் பெயரை வைத்துக்கொண்ட குழுவை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1998ல் அவர் விருது கொடுக்க மேடையேறியதை வெறும் வேடிக்கையாகப் பார்க்காதீர்கள். அந்த வெற்றியில் அவருக்கு நிஜமாகவே பங்கு உண்டு.

#9 வடலிக்காற்று

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப சிட்னியில் வென்ட்வொர்த்வில்லில் இருக்கிறன். பொதுவாக வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான். ‘சார்லி’ பாட்டுகளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

‘எடர்னல் நைட்கேப்’பில் சார்லி என்ற பெயரை வைத்து மூன்று பாட்டுகள். போதையிலும் குடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிற ஒரு சிநேகிதனைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் பாடுகிற பாட்டுகள். பாடுகிறவன் அவனைத் திட்டுகிறான், கெஞ்சுகிறான், பிறகு களைத்துப் போகிறான். பிளண்டர் இறந்து இரண்டு வருடம் ஆக முதல் வந்த ஆல்பம் அது. கேட்கிறவர்கள் அந்தப் பாட்டுகளில் அவரைத் தேடுவது இயல்புதான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு மரணத்தையும் குழுவுக்கு ஒரு ஒளிவட்டம் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. போனவர்கள் இருவரும் பாட்டு எழுதினவர்கள், வாசித்தவர்கள். முதல் இரண்டு ஆல்பத்தில் பிளண்டரின் குரல் இருக்கு. ஃப்ரீட்மன் பேசுகிற மாதிரிப் பாடுவார் என்றால் இவர் தொண்டையைத் திறந்து பாடுவார். இரண்டு குரலும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டு போகும். அந்த ஆல்பங்கள் ஒலிப்பதிவில் கொஞ்சம் கரடுமுரடுதான், எண்டாலும் அந்த இரண்டையும் கேட்காமல் ‘எடர்னல் நைட்கேப்’பிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு இழந்தது என்ன என்று விளங்காது. மூன்றாவது ஆல்பத்தில் எதிர்க்குரல் இல்லை. அந்த வெறுமைதான் அந்த ஆல்பத்தின் நிறம் என்று நான் நினைக்கிறேன்.

#10 கருங்குயில்

வடலிக்காற்று அண்ணா, இப்படி ஒரு பதிவுக்காகத்தான் இழை தொடங்குவது. அடிக்கடி எழுதுங்கள். எதிர்க்குரல் பற்றி நீங்கள் சொன்ன பிறகு ‘எடர்னல் நைட்கேப்’பை நேற்று முழுதாகக் கேட்டேன். பல பாட்டில் அவர் ஒரு வரி பாடிவிட்டு இடைவெளி விடுகிறார், அந்த இடைவெளிக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

மாறன் சார், வானொலி பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒன்றைச் சேர்க்கிறேன்: பாட்டை ஒலிபரப்பினால் யாருக்குக் காசு? பாட்டு எழுதியவருக்கு ஏப்ரா என்ற அமைப்பு வசூலித்துத் தரும். பப்பில் கச்சேரி செய்தாலும், வாசித்த பாட்டுகளின் பட்டியலை அனுப்பி வைத்தால், சொந்தப் பாட்டுகளுக்கு அதிலிருந்தும் ஒரு தொகை வரும். எழுதுகிறவர் இதை வைத்துக் காலம் தள்ளலாம். ஒலிப்பதிவின் உரிமையாளருக்குக் கிடைப்பது வேறு கணக்கு. அங்கே சட்டமே உச்சவரம்பு போட்டிருக்கிறது: வணிக வானொலி தன் மொத்த வருமானத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் தர வேண்டியதில்லை. ஏபிசிக்கு இன்னும் குறைவு, மக்கள்தொகையில் தலைக்கு அரை சென்ட். அதை நாட்டில் உள்ள அத்தனை ஒலிப்பதிவுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அதாவது வானொலி கூட்டத்தைக் கொண்டுவரும், சோறு போடாது. சோறு போடுவது கச்சேரி. கச்சேரிக்கு வேண்டியது மேடை. செல்வி சொன்ன மூலையில் இருந்ததே, அந்த மேடை.

#11 பாஸ் பாலு

கச்சேரிக் கணக்கை யாராவது ஒழுங்காகச் சொன்னால்தான் புதியவர்களுக்குப் புரியும். சிட்னியிலிருந்து மெல்பன் ஹியூம் நெடுஞ்சாலையில் சுமார் 880 கிலோமீட்டர். அடிலெய்டு 1,400க்குக் கிட்ட. பெர்த் ஏறக்குறைய 4,000, விமானம்தான். ஒரு வேனில் நாலு கலைஞர், ஒரு சவுண்ட் ஆள், டூர் மேனேஜர், கீபோர்டு, டிரம்ஸ், ஆம்ப், விற்பனைக்கு டி-ஷர்ட் பெட்டி. போகிற வழியில் கான்பெரா, வாகா, ஆல்பரி என்று நிறுத்தி வாசிக்காவிட்டால் பெட்ரோல் காசு தேறாது. பெரிய நகரம் ஐந்தாறுதான். அதே நகரத்துக்கு அடிக்கடி போனால் கூட்டம் குறையும். அதனால்தான் ஆஸ்திரேலியக் குழுக்கள் ஒன்று வெளிநாடு போகின்றன, இல்லையென்றால் உடைகின்றன.

இவர்கள் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: சிம்ஃபொனி. ஒவ்வொரு மாநிலத் தலைநகரிலும் அரசு உதவியோடு நடக்கும் இசைக்குழு உண்டு. பியானோவை அடியாக வைத்து எழுதிய பாட்டுகள் என்பதால் வயலின், செல்லோ, ஹார்ன் எல்லாம் இயல்பாக உட்காரும். சிட்னி சிம்ஃபொனியோடு செய்த கச்சேரி 2008ல் ஆல்பமாகவும் வந்தது. பப்பில் நின்றுகொண்டு கேட்டவர்களுக்கு வயதாகி, உட்கார நாற்காலி தேவைப்படும் நேரத்தில் குழுவும் நாற்காலி உள்ள அரங்கத்துக்குப் போய்விட்டது. ரசிகர்களைக் கூடவே அழைத்துக்கொண்டு வயதான குழு என்று நான் சொல்வது இதைத்தான்.

#12 மெல்பன் மாறன்

‘லவ் திஸ் சிட்டி’ பற்றி என் கருத்தையும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் என் வாதத்துக்கு அதுதான் சாட்சி.

பல ஸ்டூடியோ, பல தயாரிப்பாளர், பெரிய செலவு. பாட்டுக்குப் பாட்டு ஒலி மாறுகிறது. ‘புளோ அப் த போக்கீஸ்’, ‘காட் டிரிங்க்ஸ் அட் த சாண்டோ’ இரண்டும் வைரம். ஒலிம்பிக்குக்கு ஊரே கொடி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சிட்னியைப் பார்த்து முகம் சுளிக்கும் தலைப்புப் பாட்டும் துணிச்சல்தான். ஆனால் முழு ஆல்பமாகக் கேட்டால் நிற்கவில்லை. கையில் காசு இல்லாமல் செய்த ‘எடர்னல் நைட்கேப்’ ஒரே ராத்திரியில் ஒரே அறையில் நடந்த மாதிரி இருக்கும். காசு வந்ததும் அறை போய்விட்டது. 2002ன் ‘டார்ச் த மூன்’தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. காரணம் வார்னர் இல்லை, பாலு சொன்ன அந்த நால்வர் வரிசை நிலைத்ததுதான். 2006ன் ‘லிட்டில் கிளௌட்’ இரட்டை ஆல்பம், பாதியாக வெட்டியிருக்கலாம்.

#13 கருங்குயில்

‘லிட்டில் கிளௌட்’டை வெட்டக் கூடாது. இதில் நமக்குள் சமாதானம் ஆகாது, விடுங்கள்.

ஆனால் அதற்கு அடுத்தது எப்போது வந்தது என்று பாருங்கள். 2022. ‘சாஞ்சோ’. 16 வருட இடைவெளி. இந்த நடுவில் ஃப்ரீட்மன் 2011ல் தன் பெயரில் ஒரு ஆல்பம் போட்டார், குழுவோடு கச்சேரிகள் செய்தார். கம்பெனிக் குழு என்றால் 2009க்குள் அடுத்த ஆல்பம் வேண்டும் என்று நெருக்கியிருப்பார்கள், இல்லையென்றால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்திருப்பார்கள். இவரை யாரும் நெருக்கவில்லை. பாட்டு சேர்ந்தபோது ஆல்பம் வந்தது. சாஞ்சோ என்பது பல வருடம் குழுவோடு பயணம் செய்த டூர் மேனேஜரின் செல்லப்பெயர், அவர் மறைந்த பிறகு அவர் நினைவாக வைத்தது. ஒரு டூர் மேனேஜரின் பெயரை ஆல்பத்துக்கு வைக்கிற குழு எத்தனை இருக்கிறது?

அப்புறம் ‘பிளாக் ஸ்டம்ப்’ என்று ஒரு கிளை தொடங்கி, பழைய பாட்டுகளையே பாஞ்சோவும் கன்ட்ரி இசையுமாக மாற்றி வாசிக்கிறார்கள். 2024ல் ‘கூக்கபரா’ என்ற ஆல்பமும் வந்தது. இதெல்லாம் யாரிடமும் கேட்காமல் செய்ய முடிகிறது. நான் முதல் பதிவில் சொன்னது இந்தச் சுதந்திரத்தைத்தான்.

#14 சிட்னி செல்வி

இவர்களுக்குப் பிறகு வந்தவர்களையும் ஒரு வரி சொல்லுங்கள். ஜான் பட்லர் ட்ரையோ, வேய்ஃப்ஸ் என்ற இரண்டு குழுக்களும் மேனேஜரோடு சேர்ந்து ஃப்ரீமான்டிலில் ஜாரா ரெக்கார்ட்ஸ் தொடங்கினார்கள். பட்லரின் ‘சன்ரைஸ் ஓவர் சீ’ 2004ல் வெளிவந்த வாரமே தேசியப் பட்டியலில் முதலிடம், பெரிய கம்பெனி துணை இல்லாமல். மெல்பனின் கிங் கிசார்டு குழு 2017ல் ஐந்து ஆல்பம் போட்டு, அதில் ஒன்றை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம் என்று இலவசமாகவே விட்டார்கள்.

மெல்பன் என்றதும் இன்னொன்று. 2010 ஜனவரியில் டோட் என்ற பப்பை மூடியபோது, அடுத்த மாதமே ஆயிரக்கணக்கானவர்கள் மாநில நாடாளுமன்றம் வரை ஊர்வலம் போனார்கள். டோட் மறுபடி திறந்தது. சாண்டோவுக்கு அந்த அளவுக்குக் கூட்டம் சேரவில்லை. சிட்னியில் இருக்கிறவளாக எனக்கு இதில் தீராத வருத்தம்.

#15 வடலிக்காற்று

செல்வி தங்கச்சி, சிட்னியிலும் ஆட்கள் போராடினவைதான், கச்சேரிக் கூடங்களுக்காகக் கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் பப்புகளும் கிளப்புகளும் சேர்ந்து நிற்கிற மெஷின் வருமானத்துக்கு முன்னால் பாட்டுக்காரர்களின் சத்தம் எடுபடவில்லை. மெல்பனில் எதிராளி பப்புகளுக்கான மது உரிமக் கட்டுப்பாடு, அதை மாற்றலாம். இஞ்ச எதிராளி காசு.

#16 நாலாவது தந்தி

நாலு நாளாக இதே வேலை. ‘எடர்னல் நைட்கேப்’ முடித்துவிட்டேன். வடலிக்காற்று அண்ணா சொன்னதால் முதல் ஆல்பத்தையும் தேடிப் பிடித்தேன். பிளண்டர் குரல் வரும் பாட்டில் ஃப்ரீட்மன் பின்னால் பியானோ மட்டும் வாசித்துக்கொண்டு இருப்பது நன்றாகக் கேட்கிறது. அடுத்து ‘டார்ச் த மூன்’ கேட்கவா, ‘லவ் திஸ் சிட்டி’ கேட்கவா?

#17 மெல்பன் மாறன்

‘டார்ச் த மூன்’.

#18 கருங்குயில்

‘லவ் திஸ் சிட்டி’, தம்பி. மாறன் சார் சொன்ன குறை எல்லாம் அதில் இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும். ஆண்டி லூயிஸ் உயிரோடு இருந்தபோது வந்த கடைசி ஆல்பம் அது. முடித்துவிட்டு 2008 சிம்ஃபொனி கச்சேரிக்குப் போங்கள்.